ஆண் கொடி என்று ஒன்று கிடையாது

அன்புள்ள தம்பிக்கு,

மாடித் தோட்டத்துத் தாட்பூட்பழக் கொடி பூவாய்ப் பூத்தும் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை, அது ஆண் கொடி, வெட்டிவிடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இந்தக் கதையை ஊருக்கு ஒருவர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். இது என்ன பப்பாளியா? ஒவ்வொரு பூவிலும் மகரந்தப்பை ஐந்து, அதற்கு மேலே சூல்முடி மூன்று. ஆணும் பெண்ணும் ஒரே பூவில்.

இதையே பாண்டவர் பூ என்று கொண்டாடுபவர்களும் உண்டு. ஐந்து பேர் பாண்டவர், மூவர் மும்மூர்த்தி, சுற்றியுள்ள இழைகள் கௌரவர் நூற்றுவர். 1610இல் ரோமில் யாக்கோமோ போசியோ என்பவர் இதே பூவைச் சிலுவைப்பாடாகக் கண்டார். மூன்று சூல்முடியும் ஆணிகளாயின. கொடியோ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பாரதக் கதைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. போகட்டும். ஐந்தையும் மூன்றையும் எண்ணத் தெரிந்தவர்கள், எண்ணிய பிறகும் ஆண் கொடி என்றால் எரிச்சல் வராதா?

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மலைப்பகுதியில் விளையும் ஊதாப் பழ வகை, தன் மகரந்தத்திலேயே காய்க்கும். சமவெளிக்கு ஏற்ற மஞ்சள் வகை அப்படியல்ல; தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதே கொடியில் வெட்டிய துண்டைப் பக்கத்தில் நட்டாலும் பயனில்லை, இரண்டும் ஒரே கொடிதான். வேறு வீட்டுக் கொடியிலிருந்து ஒரு கன்று கொண்டுவா.

கன்று வந்தால் போதாது, கருவண்டும் வரவேண்டும். காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருக்குமே, அந்தப் பருத்த கறுப்பு வண்டு. மஞ்சள் வகைப் பூ நண்பகல் வாக்கில் விரியும்போது சூல்முடிகள் எட்டாத உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். ஒரு மணி நேரம் போல ஆனதும் மெல்ல வளைந்து மகரந்தப்பை மட்டத்துக்கு இறங்கும். தேனுக்காகத் தலையை உள்ளே விடும் வண்டின் முதுகில் மகரந்தம் மாவாக அப்பும். அடுத்த பூவின் சூல்முடி அதே முதுகில் உரசும். தேனீக்கு இந்தப் பருமன் கிடையாது. கீழேயே நடமாடி, மகரந்தத்தை அள்ளிக்கொண்டு, சூல்முடியைத் தொடாமலே பெரும்பாலும் போய்விடும். இது தெரியாமல் கருவண்டைக் கண்டதும் மருந்து தெளிப்பானைத் தூக்குகிறார்கள்! பந்தலுக்கு அருகே காய்ந்த மூங்கிலும் பட்ட கட்டையும் இருந்துவிட்டுப் போகட்டும்.

வண்டு வராத மாடியென்றால் உன் விரல்தான் வண்டு. பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு ஒரு கொடியின் மகரந்தப்பையைக் கிள்ளி, மற்றக் கொடிப் பூவின் மூன்று சூல்முடியிலும் தேய். மழை நாளில் மெனக்கெடாதே. நனைந்தால் மகரந்தம் வெடித்து வீணாகும். புதுத் தளிரில்தான் பூ வரும் என்பதால், காய்ப்பு ஓய்ந்ததும் பழைய கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிடு.

காய் பிடித்தால் இரண்டு, மூன்று மாதத்தில் பழுத்துத் தானே உதிரும், அதற்குமுன் பறிக்காதே. வெட்டச் சொன்னவருக்கும் முதல் பழத்தில் ஒன்று கொடு.