திறவுகோற் சாட்சியின் படிகள்

மறையெழுத்து முறையில் ஒவ்வொருவருக்கும் திறவுகோல்கள் இரண்டு உண்டு. ஒன்று தம்மிடமே மறைவாய் வைத்துக்கொள்வது. மற்றொன்று யாவர்க்கும் வெளிப்படையாய் அளிப்பது. வெளிப்படைத் திறவுகோலாற் பூட்டிய கடிதத்தை அதற்கு இணையான மறைதிறவுகோலன்றிப் பிறிதொன்று திறவாது. ஆயின், ஒருவர் பெயரைத் தாங்கிவரும் திறவுகோல் மெய்யாகவே அவருடையதோ, அன்றி வஞ்சகன் ஒருவன் அப்பெயரிட்டு விடுத்ததோ என்பதை எங்ஙனம் அறிவது?

1991-ம் ஆண்டில் அமெரிக்கராகிய பிலிப் ஸிம்மர்மன் வெளியிட்ட பி.ஜி.பி. என்னும் கணினி நிரலின் வழிவந்த முறை இதற்கு விடை தருகின்றது. உரியவரை அறிந்த ஒருவர், "இத்திறவுகோல் இன்னாருடையதே" என அதன்மீது தம் கையொப்பத்தை இட்டுச் சாட்சி பகர்வதே அவ்விடை.

அச்சாட்சி நால்வகைப்படும். க்னூபிஜி என்னும் நிரலில் இவை 0 முதல் 3 வரையுள்ள எண்களாற் குறிக்கப்பெறும். 0 என்பது, எவ்வளவு ஆராய்ந்தோம் என்று ஒன்றுங் கூறாமை. 1 என்பது, நம்புகின்றோம், ஆயினும் ஆராய்ந்திலோம் என்பது. புனைபெயரினர்க்கு இது பொருந்தும். 2 என்பது, ஓரளவு ஆராய்ந்தமை. திறவுகோலின் கைரேகை எனப்படும் அடையாளத் தொடரை ஒப்பிட்டு, புகைப்பட அடையாளச் சீட்டையும் நோக்குதல் போல்வது. 3 என்பது, முற்ற ஆராய்ந்தமை. உரியவரை நேரிற் கண்டு கைரேகையை ஒப்பிட்டு, கடவுச்சீட்டினாற் பெயரைத் தெளிந்து, மின்னஞ்சல் முகவரியும் அவருடையதே என மடல் விடுத்து அறிதல் போல்வது.

2-க்கும் 3-க்கும் உள்ள எல்லையை விதிநூல் வரையறுத்திலது; கையொப்பமிடுவோர் மனச்சான்றுக்கே விட்டது. ஆதலின் தாம் கொண்ட எல்லை யாதெனப் பலரறிய எழுதிவைத்தல் நலம். இன்றேல் பிறர்க்கு அவ்வெண்ணாற் பயன் சிறிதே. அந்நிரல் தானாக இடுவதும் 0-வே. 1 என்று குறித்ததையோ, நாம் வேறு விதித்தாலன்றி, அது கணக்கிற் கொள்வதில்லை.

ஈண்டு ஒன்று மறவற்க. இச்சாட்சி ஒருவர் நல்லவர் என்பதற்கன்று. திறவுகோல் அவருடையது என்பதற்கே. நட்பின் பொருட்டுப் படியை உயர்த்துதல் நண்பர்க்கு மேன்மையாகாது. நம்மை முன்பின் கண்டிராத ஒருவர், நம் சொல்லை நம்பித் தம் இரகசியத்தை அத்திறவுகோலாற் பூட்டுவார். அது வஞ்சகனுடையதாயின், அவர் மறைத்ததெல்லாம் அவன் கையில் விரியும். பொய்ச்சாட்சி பகையினால் மட்டுமன்று, தாட்சணியத்தினாலும் பிறப்பதுண்டு. ஆதலின் மாணவர்காள்! ஆராய்ந்த அளவே உரைமின். ஆராயாதவிடத்துக் கையொப்பமிடாது விடுமின்.