மலிவு மனைக்குக் காரணம் என்ன? – வீடு வாங்கும் வியாபாரிக்கு ஒரு பாடம்



புளி மூட்டை ஒன்று மார்க்கெட் விலையைவிடக் கால் பங்கு குறைவாகக் கிடைக்கிறது என்றால் நாம் உடனே பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. மூட்டையைப் பிரித்து, கையை அடிவரை விட்டு எடுத்துப் பார்க்கிறோம். கொட்டை அதிகமா, ஈரம் ஏறியதா, பழைய சரக்கா என்று காரணம் தேடுகிறோம். காரணம் தெரிந்த பிறகுதான் விலை பேசுகிறோம். அதே வியாபாரி, வீட்டு மனை மலிவு என்று கேள்விப்பட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்து வந்துவிடுகிறார். இருபது வருடச் சேமிப்பு ஒரே நாளில் கைமாறிவிடுகிறது. புளி மூட்டைக்குக் காட்டும் கவனத்தை மனைக்கும் காட்ட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

1. விலை ஏறிய இடமும் பக்கத்து இடமும்

நம் பகுதியில் விலை ஏறிய இடங்கள் எவை, ஏன் ஏறின என்பது நமக்குத் தெரிந்ததே. வேலூர் நகரின் நடுவே, ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது. அதைச் சுற்றித் தோட்டப்பாளையம் வரை லாட்ஜும் கடையும் நிறைந்துவிட்டன. காட்பாடியில் ரயில் சந்திப்பும், 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி.யும் சேர்ந்து காந்திநகரின் மதிப்பை உயர்த்தின. சத்துவாச்சாரியில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பும் நெடுஞ்சாலையும் விலையை ஏற்றின. ஆம்பூரில் கடைத்தெருவையும் பைபாஸ் சாலையையும் ஒட்டிய மனைகளுக்கு எப்போதும் கிராக்கி உண்டு.

இந்த இடங்களிலேயே வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அரை கிரவுண்டு வாங்கவே கடையை அடகு வைக்க வேண்டிவரும். ஒரு தெரு, ஒரு பாலம், ஒரு ரயில் நிலையம் தள்ளிப் பார்க்கப் பழக வேண்டும். சத்துவாச்சாரிக்குப் பதில் ரங்காபுரம், அலமேலுமங்காபுரம். காந்திநகருக்குப் பதில் விருதம்பட்டு, கழிஞ்சூர், இன்னும் தள்ளித் திருவலம், லத்தேரி. பாகாயத்துக்குப் பதில் இடையஞ்சாத்து, அரசு மருத்துவக் கல்லூரி உள்ள அடுக்கம்பாறை. ஆம்பூருக்குப் பதில் ஒரு பக்கம் மின்னூர், விண்ணமங்கலம், மறுபக்கம் பச்சகுப்பம், மேல்பட்டி. திருவலம், லத்தேரி, விண்ணமங்கலம், பச்சகுப்பம், மேல்பட்டி ஆகிய ஐந்துக்கும் ரயில் நிலையம் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

2. மாறும் காரணம், மாறாத காரணம்

பக்கத்து இடம் மலிவாக இருப்பதற்கு இரண்டு வகைக் காரணங்கள் உண்டு. முதல் வகை காலத்தோடு மாறிவிடும். தார்ச்சாலை இல்லை, தெருவிளக்கு இல்லை, பஸ் குறைவு, பள்ளிக்கூடம் தூரம் போன்றவை இந்த வகை. வேலூர் 2008-ல் மாநகராட்சி ஆனது. 2011-ல் சத்துவாச்சாரி, தாராபடவேடு, அல்லாபுரம் போன்றவை அதில் சேர்ந்தன. ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே என்று ஒதுக்கிய இடங்கள் பல இன்று மாநகராட்சி வார்டுகள். இந்த வகைக் குறை உள்ள மனையை வாங்குவது, அறுவடைக் காலத்தில் மிளகாய் வாங்கி வைப்பதைப் போன்றது. பொறுத்திருந்தால் பலன் உண்டு.

இரண்டாம் வகைக் காரணம் நம் ஆயுளில் மாறாது. கெட்டுப்போன நிலத்தடி நீர், ஏரி உள்வாய், ஓடைப் புறம்போக்கு, வில்லங்கமான பத்திரம் ஆகியவை இதில் அடங்கும். இவற்றுக்கு விலை குறைவு என்பது லாபம் அல்ல. அது எச்சரிக்கை.

3. தண்ணீரை முதலில் பாருங்கள்

தோல் தொழில் நம் கடைகளுக்கு வாடிக்கை தரும் தொழில். அதைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் உண்மையை மறைக்கவும் கூடாது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வு விவரம் அந்தத் தீர்ப்பில் பதிவாகியுள்ளது. இதே பிரச்சினையில் 2025 ஜனவரி 30-லும் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பு கூறியது. இடையில் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. மண்ணுக்குள் இறங்கிய உப்பு அவ்வளவு எளிதில் வெளியே வராது என்பதே இதிலுள்ள பாடம்.

ஆகவே ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கம் மனை பார்ப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் பக்கத்து வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கூடத்தில் கொடுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பரிசோதனைச் செலவு மனை விலைக்கு முன் ஒன்றுமே இல்லை. அந்தத் தெருவுக்குக் காவிரி கூட்டுக் குடிநீர் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பதைத் தரகரிடம் கேட்காதீர்கள். குடத்துடன் நிற்கும் அம்மாவிடம் கேளுங்கள்.

பஞ்சமும் வெள்ளமும் பாலாற்றின் இரு முகங்கள். 1903-ல் வாணியம்பாடியையும் 2021 நவம்பரில் நம் பகுதி முழுவதையும் வெள்ளம் உலுக்கியது. ஆற்றோரமும் ஏரிக்குக் கீழும் உள்ள மனையைக் கோடையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐப்பசி மழையில் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

4. காகிதம் பேசும்

தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நான்கிலும் சர்வே எண்ணும் அளவும் ஒத்துப்போக வேண்டும். கிராமத்தின் 'அ' பதிவேட்டில் அந்த நிலம் ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்று இருந்தால் அன்றே திரும்பிவிடுங்கள். கோயில் நிலமா, வக்ஃபு சொத்தா என்பதையும் விசாரியுங்கள்.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. பிறகு 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்குப் பின் உருவான அங்கீகாரமில்லா மனைப்பிரிவுக்கு அந்தச் சலுகை கிடையாது. "அப்ரூவல் வந்துவிடும்" என்ற பேச்சை நம்பாமல், நகர் ஊரமைப்புத் துறை அங்கீகார எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

பதிவுச் செலவையும் மறக்க வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும். முன்பணத்தை ரொக்கமாகக் கொடுப்பது நம் வழக்கம். ஆனால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடை விதித்துள்ளது. காசோலையாகவே கொடுங்கள். பின்னால் தகராறு வந்தால் அதுவே உங்களுக்குச் சாட்சி.

5. கணக்குப் போட்டுப் பாருங்கள்

உதாரணமாக, 1,200 சதுர அடி மனை விலை ஏறிய இடத்தில் 42 லட்சம், எட்டு கிலோமீட்டர் தள்ளி 24 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 18 லட்சம். இதற்கு 9 சதவீத வட்டி மாதம் 13,500 ரூபாய்.

இனி தூரத்தின் செலவு. கடைக்கும் வீட்டுக்கும் இரண்டு வண்டிகள் தினம் 16 கிலோமீட்டர் வீதம் 26 நாள் ஓடினால் 832 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் என்றால் 2,080. பள்ளி வேன் கூடுதலாக 1,500. ஆட்டோ, அவசரச் செலவு 1,000. ஆக 4,580. இதைக் கழித்தால் மாதம் 8,920 ரூபாய் மிச்சம். தள்ளிப்போய் வாங்கியது சரியான முடிவு.

அதே இடத்தில் போர் தண்ணீர் உபயோகமில்லை என்றால்? மாதம் ஒன்பது டேங்கர், ஒன்று 900 வீதம் 8,100 ரூபாய். மிச்சம் வெறும் 820. விற்கும்போதும் அந்தக் குறை கூடவே வரும். மனை ஒன்றுதான், தண்ணீர் ஒன்று மாறியதில் கணக்கே மாறிவிட்டது.

நம் தொழிலுக்கென்று இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. விடியற்காலை லோடு இறங்கும் நேரத்தில் கடைக்கு வந்து சேர முடியுமா? சரக்கு வண்டி தினம் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்ட வேண்டுமா? அந்தச் செலவையும் ஏட்டில் எழுதுங்கள்.

6. கடைப் பணம் கடைக்கே

கடைசியாக ஒன்று. சரக்கு வாங்கும் பணத்தை மனையில் முடக்காதீர்கள். தீபாவளி, ரம்ஜான் கொள்முதலுக்குப் பணம் இல்லாமல் கந்துவட்டிக்கு ஓடினால், மனையில் கண்ட லாபம் கடையில் போய்விடும். மூன்று மாதக் கொள்முதல் பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் வாங்க முடிந்த மனைதான் உங்கள் மனை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள் பெரியவர்கள். கட்டுவதற்கு முன் மண்ணைப் பார், தண்ணீரைப் பார், பத்திரத்தைப் பார் என்பதையும் நாம் சேர்த்துக்கொள்வோம். மலிவுக்குக் காரணம் தெரிந்து வாங்கியவர் நிம்மதியாகத் தூங்குவார். அடுத்த ஞாயிறு மனை பார்க்கப் போகும்போது, பையில் ஒரு காலி பாட்டிலை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.