ஒலிநாடா இல்லாத ஒலிநாடாக் கருவி

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் - இயற்பியல்)

முன்னுரை

காரியாபட்டிப் பக்கம் ஒலிநாடா என்றால் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிதான் நினைவுக்கு வரும். 1980-களில் கம்ப்யூட்டர் புரோகிராம்களும் அதே நாடாவில்தான் பதிந்து வைக்கப்பட்டன. இங்கிலாந்தில் 1981-இல் வெளிவந்த பி.பி.சி. மைக்ரோ அவ்வாறு நாடாவிலிருந்து படிக்கும் கம்ப்யூட்டர்களில் ஒன்று. 1984-இல் நம் நாட்டுப் பள்ளிகளில் தொடங்கிய 'கிளாஸ்' என்னும் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் இதுவே பயன்பட்டது. மொகாலியில் அமைந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற அரசு நிறுவனம் இதனை 'யூனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது.

காலப்போக்கில் நாடாக்கள் பூஞ்சை பிடித்துப் பழுதாகின்றன. புரோகிராம் இல்லாத கம்ப்யூட்டரோ எண்ணெய் இல்லாத விளக்கு. நல்ல நிலையில் இருந்தாலும் பழைய இரும்புக் கடைக்கே போகும். நாடாவின் வேலையை ஒரு சிறு மைக்ரோகண்ட்ரோலர் செய்யும் விதத்தை இங்கே காண்போம்.

ஒலி எழுத்தாவது எப்படி?

கம்ப்யூட்டர் அறிந்தவை 0, 1 என்ற இரண்டே குறிகள். பி.பி.சி. மைக்ரோ ஒரு விநாடிக்கு 1200 குறிகளைப் படிக்கும். ஒரு குறிக்குரிய நேரத்தில் 1200 ஹெர்ட்ஸ் அலை ஒன்று வந்தால் அது 0. 2400 ஹெர்ட்ஸ் அலை இரண்டு வந்தால் அது 1. தவிலில் ஒரே தாள அளவுக்குள் ஓர் அடியும் இரண்டு அடியும் விழுவது போன்றது இது.

'ஏ' என்ற ஆங்கில எழுத்தின் எண் 65. முதலில் தொடக்கக் குறி 0. அடுத்து, கடைசி இலக்கத்திலிருந்து 1, 0, 0, 0, 0, 0, 1, 0. இறுதியில் முடிவுக் குறி 1. ஆக, ஓர் எழுத்துக்குப் பத்துக் குறிகள். விநாடிக்கு 120 எழுத்துகள். முப்பதாயிரம் எழுத்துள்ள புரோகிராம் ஏற நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகும்!

கருவியின் அமைப்பு

கம்ப்யூட்டர் நாடாவைக் காண்பதில்லை; அலையின் கால அளவையே காண்கிறது. அக்கால அளவைச் சரியாகத் தருவது எதுவோ, அதுவே அதற்கு நாடா. இதுதான் கருவியின் தத்துவம்.

மெமரி கார்டில் புரோகிராம் இருக்கும். ஏ.டி.மெகா 328 என்ற சில்லு அதைப் படித்து, 0 என்றால் 417 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறையும், 1 என்றால் 208 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறையும் தன் வெளியீட்டை மேலும் கீழுமாக மாற்றும். இச்சில்லின் தற்காலிக நினைவகம் 2 கிலோபைட்தான். ஆகவே அதில் இரு சிறு பகுதிகளை ஒதுக்கி, ஒன்று ஒலிக்கும்போதே மற்றொன்றை நிரப்ப வேண்டும். 5 வோல்ட் வெளியீட்டை இரண்டு மின்தடைகளால் குறைத்தே கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும்.

டேப் ரிக்கார்டரின் மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் பி.பி.சி. மைக்ரோவில் ஒரு ரிலே உண்டு. அது திறந்தால் நம் கருவியும் நிற்க வேண்டும். மூடினால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

சோதனை

மதுரையில் ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிய பொருள்களால் இதனை அமைத்தேன். பி.பி.சி. மைக்ரோ கைவசம் இல்லாமையால், வெளியீட்டை மடிக்கணினியில் ஒலியாகப் பதிந்து அலைகளைத் திரையில் அளந்தேன். தொடக்கக் குறி முதல் முடிவுக் குறி வரை 'ஏ' என்னும் எழுத்தை என் கண்ணாலேயே படித்தேன்!

முடிவுரை

என் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். கையிலுள்ள செல்போனைத் திறந்தாலும் அதில் எழுத்து எங்கே ஓடுகிறது என்று காண முடியாது. இப்பழைய கருவியிலோ ஒவ்வொரு குறியையும் எண்ணிப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் மந்திரமன்று; வரிசையும் நேரமுமே அது. மாணவ நண்பர்களே! எந்தப் பள்ளியின் அறையிலேனும் தூசி படிந்த யூனிகார்ன் ஒன்றைக் கண்டால், எடைக்குப் போட விடாதீர்கள். அதைப் பேச வைக்க நம்மால் முடியும்.