தேர்ந்தெடுத்த வரியை மட்டும் சொல்!

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு)



கம்ப்யூட்டரில் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் ஒரு வரி நீல நிறமாக மாறுகிறது. அதைப் பார்த்ததும் 'சரி, இதுதான் செலக்ட் ஆகியிருக்கு' என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. கண் பார்வை இல்லாத ஒருவர் இதே வேலையைச் செய்தால், எது செலக்ட் ஆனது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்த வரியைக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்க வேண்டுமென்றால் என்ன செய்வார்? இந்த இரண்டு கேள்விக்கும் நாம் லேபில் படிக்கிற பைத்தான் மொழியிலேயே விடை இருக்கிறது. முப்பது வரிக்குள் முடிகிற வேலை. அதைப் பற்றியே இக்கட்டுரை.

ஸ்கிரீன் ரீடர் என்பது யாது?

திரையில் உள்ள எழுத்தைக் குரலாகச் சொல்லும் சாஃப்ட்வேருக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். இதில் 'ஜாஸ்' என்பது பழையது. பார்வையை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர் 1987-ல் தொடங்கிய கம்பெனி, 1989-ல் டாஸ் இயங்குதளத்துக்காக அதை வெளியிட்டது. அதற்கென்று தனி ஸ்கிரிப்ட் மொழியும் உண்டு. ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டும்.

2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 'என்விடிஏ' என்ற ஸ்கிரீன் ரீடரை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்ற நண்பரும் சேர்ந்துகொண்டார். இது இலவசம். சோர்ஸ் கோடும் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. பெரும்பகுதி பைத்தானில் எழுதப்பட்டது. மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். கூடவே வரும் 'ஈஸ்பீக்' குரலுக்குத் தமிழும் தெலுங்கும் தெரியும். விண்டோஸிலும் ஒரு தமிழ்க் குரல் உண்டு. அதற்கு 'வள்ளுவர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்!

காசு கொடுக்காமல் கிடைக்கிறது, நமக்குத் தெரிந்த மொழியில் இருக்கிறது. டிப்ளமா மாணவன் கை வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

எதற்காக இந்த ஸ்கிரிப்ட்?

எங்கள் மணவூரில் பார்வையற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். பூந்தமல்லியில் உள்ள பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியில் படித்தவர். இப்போது டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு லேப்டாப்பில் படிக்கிறார். அவர் சொன்னது இது: "பாடத்தையெல்லாம் அது கடகடன்னு சொல்லிடுது தம்பி. கேள்வி ஒரு ஃபைல்ல இருக்கும், பதில் இன்னொரு ஃபைல்ல இருக்கும். இங்கேருந்து அங்கே போய்த் தேடறதுக்குள்ள கேள்வி மறந்துடும். நீங்க கண்ணால ஒருவாட்டி திரும்பிப் பாத்துக்கறீங்க. நான் எங்கே திரும்பிப் பாக்கறது?"

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பணியிடங்களில் 4 சதவீதத்துக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும் உரியது. ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் படித்துப் பாஸ் பண்ணினால்தானே அந்த நாற்காலியில் உட்கார முடியும்?

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். தபால் எது வந்தாலும் ஆயாவுக்குப் படித்துச் சொல்வது என் வேலை. நான் அவசரமாக முழுக்கப் படித்துவிட்டு எழுந்தால், "அந்தத் தேதி இருக்கிற வரிய மட்டும் இன்னொருவாட்டி படிடா" என்பார். படிக்கிறவன் மனது வைத்தால்தான் கேட்பவருக்கு அந்த ஒரு வரி கிடைக்கும். ஸ்கிரீன் ரீடருக்கு ஒரு கீ வைத்துவிட்டால் யாருடைய மனதுக்கும் காத்திருக்க வேண்டாம். எந்த வரி வேண்டும், எத்தனை முறை வேண்டும் என்பதைக் கேட்பவரே முடிவு செய்வார்.

என்விடிஏயில் செலக்ட் ஆனதைச் சொல்ல ஏற்கனவே ஒரு கட்டளை உண்டு. நம்பர் பேடுள்ள கீ போர்டுக்கான டெஸ்க்டாப் அமைப்பில் என்விடிஏ கீ, ஷிஃப்ட், மேல் அம்பு. லேப்டாப் அமைப்பில் என்விடிஏ கீ, ஷிஃப்ட், எஸ். (என்விடிஏ கீ என்பது இன்சர்ட் கீ. கேப்ஸ் லாக்கையும் அப்படி வைத்துக்கொள்ளலாம்.) ஆனால் அது அந்த நேரத்தில் செலக்ட் ஆகியிருப்பதை மட்டுமே சொல்லும். வேறு ஃபைலுக்குப் போய்விட்டால் பழையது கிடைக்காது. கிளிப்போர்டில் காப்பி செய்யலாம். அடுத்த காப்பி வந்ததும் முதலாவது போய்விடும். ஆகவே அண்ணனுக்கு வேண்டியது இரண்டு கீ. ஒன்று, செலக்ட் ஆனதை எடுத்து வைக்க. மற்றொன்று, எடுத்து வைத்ததை எங்கிருந்தாலும் திருப்பிச் சொல்ல.

நீல நிறம் என்பது என்ன?

இதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. நமக்கு செலக்‌ஷன் என்றால் நீல நிறம். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு எண்கள் மட்டுமே. எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்ற இரண்டு எண்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் எதுவும் செலக்ட் ஆகவில்லை என்று பொருள். நிறம் என்பது நம் கண்ணுக்காக மேலே பூசியது. ஆகையால் கண் இல்லாமலும் இதைக் கேட்டு வாங்க முடியும்.

சொல்லப்போனால், இணையப் பக்கத்தில் என்விடிஏ தனக்கென்று அந்தப் பக்கத்தின் எழுத்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிரவுஸ் மோடு என்று பெயர். அந்தப் பிரதியில் சாதாரணமாகச் செலக்ட் செய்தால் திரையில் நீலம் வராது. பக்கத்தில் நிற்கும் நமக்கு ஒன்றும் தெரியாது, அவருக்கு மட்டும் தெரியும்!

ஸ்கிரிப்ட் எழுதும் முறை

1. என்விடிஏ செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போய், 'ஸ்கிராட்ச்பேட்' ஃபோல்டரிலிருந்து நம் கோடை ஏற்றிக்கொள்ள அனுமதி கொடுக்க வேண்டும்.

2. அந்த ஃபோல்டருக்குள் 'குளோபல் பிளகின்ஸ்' என்ற உள் ஃபோல்டரில் ஒரு பைத்தான் ஃபைல் எழுத வேண்டும். குளோபல் என்றால் எல்லா சாஃப்ட்வேரிலும் வேலை செய்யும். ஒரே ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும் போதுமென்றால் 'ஆப் மாட்யூல்' எழுதலாம்.

3. அதில் 'குளோபல் பிளகின்' என்ற பெயரிலேயே ஒரு கிளாஸ். உள்ளே இரண்டு ஃபங்ஷன். இரண்டின் பெயரும் 'ஸ்கிரிப்ட்' என்ற சொல்லும் அடிக்கோடுமாகத் தொடங்க வேண்டும். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் எந்த கீ என்பதையும், இது என்ன செய்யும் என்ற ஒரு வரி விளக்கத்தையும் கொடுக்க வேண்டும்.

4. முதல் ஃபங்ஷன் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்கிறது. ஒன்று: இப்போது ஃபோகஸ் எந்தப் பொருளில் இருக்கிறது? இரண்டு: அது பிரவுஸ் மோடிலா? ஆமெனில் அந்தப் பொருளை விட்டுவிட்டு எழுத்துப் பிரதியிடம் கேள். மூன்று: செலக்‌ஷன் எங்கிருந்து எதுவரை? நான்கு: தொடக்கமும் முடிவும் ஒன்றா?

5. ஒன்றாக இல்லையென்றால் அந்த எழுத்தை ஒரு லிஸ்டில் சேர்த்துவிட்டு, 'எடுத்து வைத்தேன், 14 சொற்கள்' என்பது போல் சொல்ல வேண்டும். லிஸ்டில் ஐந்துக்கு மேல் போனால் பழையதை நீக்கிவிடலாம்.

6. இரண்டாவது ஃபங்ஷன் லிஸ்டில் கடைசியாக வைத்ததைச் சொல்லும். ஒரே கீயை அடுத்தடுத்து எத்தனை முறை அழுத்தினார்கள் என்று எண்ணித் தர என்விடிஏயிலேயே வசதி உண்டு. இரண்டு முறை தட்டினால் அதற்கு முந்தையது, மூன்று முறை தட்டினால் அதற்கும் முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும் என்விடிஏ கீ, கன்ட்ரோல், எஃப்3 அழுத்தினால் பிளகின்கள் மறுபடி ஏறும். தப்பு ஏதாவது இருந்தால் என்விடிஏ கீயோடு எஃப்1 அழுத்தி லாக் பார்க்கலாம்.

மௌனம் பதில் ஆகாது

டெஸ்க்டாப்பில் உள்ள ஐகானிலோ ஒரு பட்டனிலோ நின்றுகொண்டு இந்த கீயை அழுத்தினால் என்ன ஆகும்? அங்கே தேர்ந்தெடுக்க எழுத்துப் பகுதியே கிடையாது. பைத்தான் பிழை எழுப்பி நின்றுவிடும். நாமாக இருந்தால் திரையைப் பார்த்து 'ஓகோ' என்போம். காதால் மட்டும் கேட்பவருக்கு ஒரு சத்தமும் வராது. கீ வேலை செய்யவில்லையா? எதுவும் செலக்ட் ஆகவில்லையா? மெஷினே நின்றுவிட்டதா? மூன்றுக்கும் ஒரே மௌனம்தான்.

ஆகையால் 'ட்ரை', 'எக்செப்ட்' போட்டுப் பிழையைப் பிடித்து, 'எதுவும் தேர்ந்தெடுக்கவில்லை' என்று சொல்ல வைக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் ஃபங்ஷன் ஏதாவது ஒன்று பேசிவிட்டுத்தான் முடிய வேண்டும். என்னைக் கேட்டால் ஸ்கிரீன் ரீடர் ஸ்கிரிப்டுக்கு இதுவே முதல் விதி.

இன்னும் இரண்டு விஷயம். நம் ஸ்கிரிப்ட் ஓடி முடியும்வரை என்விடிஏ வேறு வேலை பார்க்காது. அதனால் நேரம் பிடிக்கிற கணக்கு எதையும் உள்ளே வைக்கக் கூடாது. அடுத்தது, செலக்ட் ஆனதில் பேங்க் விவரமும் இருக்கலாம், சொந்தக் கடிதமும் இருக்கலாம். அதை ஃபைலில் எழுதாமல் மெமரியில் மட்டும் வைப்பதே முறை. என்விடிஏயை மூடினால் அதுவும் அழிந்துவிடும்.

எந்த கீயை வைப்பது?

இதில் அவசரம் கூடாது. மேலே சொன்ன என்விடிஏ கீ, ஷிஃப்ட், எஸ் லேப்டாப் அமைப்பில் செலக்‌ஷனைச் சொல்லும். டெஸ்க்டாப் அமைப்பிலோ அதே கீ அந்த சாஃப்ட்வேரில் என்விடிஏயைத் தூங்கவே வைத்துவிடும்! எனவே முதலில் என்விடிஏ கீயோடு 1 அழுத்தி, கீ உதவியை ஆன் செய்து, நாம் நினைத்த கீ காலியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். 'இன்புட் ஜெஸ்சர்ஸ்' என்ற இடத்தில் கீயை மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. கடைசியில் பயன்படுத்துகிறவருடைய விரலுக்கு எது எட்டுகிறதோ அதுவே சரியான கீ.

தமிழுக்கு வரும் சிக்கல்

'திருத்தணி' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஐந்து என்போம். பைத்தானிடம் நீளம் கேட்டால் 9 என்கிறது. கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் யூனிகோடில் தனித்தனி எண் இருப்பதே காரணம். ஆகவே எழுத்தை எண்ணிச் சொன்னால் குழப்பும். இடைவெளி வைத்துப் பிரித்துச் சொற்களை எண்ணுவதே நல்லது.

ஆந்திர எல்லையை ஒட்டிய நம் திருத்தணிப் பக்கத்தில் ஒரே வீட்டில் தமிழும் தெலுங்கும் பேசுகிறோம். ஃபைல்களும் அப்படித்தான் கலந்து வரும். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய எண்கள் 2944 முதல் 3071 வரை. தெலுங்குக்கு 3072 முதல் 3199 வரை. அங்கேயும் இரண்டும் பக்கத்து வீடுதான்! எடுத்த எழுத்தின் எண்ணைப் பார்த்தாலே 'இது தமிழ்', 'இது தெலுங்கு' என்று ஸ்கிரிப்ட் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

பெரிய தொல்லை பழைய ஃபான்ட்தான். பாமினியில் டைப் செய்த 'அம்மா' நம் கண்ணுக்கு 'அம்மா'. உள்ளே இருப்பதோ எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள். ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் படிக்கும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தர நிர்ணயமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய ஃபான்டில் செய்த பாடக் குறிப்புகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. போட்டோ எடுத்துப் பி.டி.எஃப். ஆக்கிய நோட்ஸ் இன்னும் மோசம். அதில் எழுத்தே கிடையாது, வெறும் படம். எவ்வளவு நல்ல ஸ்கிரிப்ட் எழுதினாலும் 'எதுவும் தேர்ந்தெடுக்கவில்லை' என்றுதான் சொல்லும்.

முடிவுரை

ஆக, நண்பர்களே, நம்மால் ஆவது இரண்டு. முதலாவது எல்லோருக்கும் பொதுவானது. சிவில் ஆனாலும் மெக்கானிக்கல் ஆனாலும், நோட்ஸ் டைப் செய்தால் யூனிகோடில் செய்யுங்கள். அது யார் கைக்குப் போகும், யார் காதுக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. இரண்டாவது நம் பிரிவு மாணவர்களுக்கு. ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறோம். என்விடிஏயை லேபில் ஏற்றி, மானிட்டரை அணைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பத்துத் தலைப்பு தானாகக் கிடைக்கும்.

மணவூர் அண்ணன் இப்போது ஒரே நேரத்தில் ஐந்து கேள்வியை எடுத்து வைத்துக்கொண்டு பதில் தேடுகிறார். போன வாரம் பார்த்தபோது, "ஐந்து பத்தலடா, பத்தாக்கிக் கொடு" என்றார். லிஸ்டில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். அதை அவரே மாற்றிக்கொள்ளும்படி பைத்தான் பாடத்தை இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் படித்து வருகிறோம். இன்டென்டேஷன் எத்தனை இடைவெளி என்பதையும் என்விடிஏ சொல்லிவிடும் என்பதால் அதிலும் தடையில்லை.