டவுன் நிலைக் குழந்தையும் வளர்ப்போர் கடமையும்

மக்கட்பேற்றினும் சிறந்த பேறு மனையறத்தார்க்கு இல்லையென்பது நம் முன்னோர் துணிபு. ஆயினும் பிறந்த மகவின் கண்கள் மேல்நோக்கிச் சாய்ந்தும், மூக்குத்தண்டு தாழ்ந்தும், உடல் துவண்டும் தோன்றுமாயின், அம்மனையின் மகிழ்ச்சி அடங்கி முணுமுணுப்பு எழுகின்றது. ‘யார் செய்த பாவமோ?’ என்னும் வினா முதற்கண் தாயின் நெஞ்சையே தைக்கின்றது. பெரியநாயக்கன்பாளையத்தில் எம் சின்னம்மாவின் இல்லத்தில் அவ்வினாவை யானும் கேட்டேன். அன்று அவர் மடியிற் கிடந்த மகவுக்கு இன்று ஒன்பது அகவை. அவன் பொருட்டு யான் கற்றறிந்தவற்றை உடன் பயில்வோர்க்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் காரணமும்

1866ஆம் ஆண்டில் ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர் இந்நிலையின் அடையாளங்களைத் தொகுத்து வரைந்தார். அதனால் இஃது அவர் பெயரால் வழங்கலாயிற்று. முகத்தோற்றம் ஒன்றே பற்றி மங்கோலிய இனத்தாரின் பெயரை இதற்கு இட்டது அவர் செய்த பிழை. உலக சுகாதார நிறுவனம் 1965இல் அப்பெயரைக் கைவிட்டது. பிற்காலத்தில் அம்மருத்துவரின் பேரர் ஒருவரே இந்நிலையோடு பிறந்தார் என்பது ஈண்டு நினையத்தக்கது.

உண்மைக் காரணம் 1959இல் பாரிஸ் நகரில் வெளிப்பட்டது. மார்த்தே கோத்தியே, ஜெரோம் லெஜ்யூன், ரேமோன் டுர்ப்பேன் என்போர் அதனை உலகிற்கு அறிவித்தனர். மாந்தர் உயிரணுவில் 46 குரோமோசோம்கள் 23 இணைகளாக அமைந்துள்ளன. டவுன் நிலையினர்க்கு 21ஆம் குரோமோசோம் இரண்டாக அமையாது மூன்றாக அமைகின்றது. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகுங்கால் அவ்விணை பிரியாது நிற்றலே பெரும்பான்மையும் இதற்குக் காரணம். மூன்று, இருபத்தொன்று என்னும் இவ்வெண்களைக் கருதியே மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாளை 2012 முதல் ஐக்கிய நாடுகள் அவை உலக டவுன் நிலை நாளாகக் கொண்டாடி வருகின்றது.

தவறான எண்ணங்கள்

முதலாவது, இது பெற்றோர் பாவத்தின் பயன் என்பது. கிரகண நாளில் தாய் வெளியே சென்றாள், உண்ணத்தகாததை உண்டாள் என்பனவும் இதன்பாற் படும். இவற்றுள் ஒன்றற்கும் ஆதாரமில்லை. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் இவன் பாவமோ பெற்றோர் பாவமோ என்று வினவியபொழுது, இரண்டும் அல்லவென்று நம் ஆண்டவர் மறுத்ததை யோவான் எழுதிய சுவிசேஷத்தில் காண்கின்றோம். மறை பயின்ற நாமும் அவ்வினாவையே மீண்டும் எழுப்புதல் தகுமோ?

இரண்டாவது, அத்தை மகளை மணந்தமையால் வந்தது என்பது. உறவுத் திருமணத்தால் வேறு சில பரம்பரை நோய்கள் மிகுதல் உண்மையே. ஆனால் டவுன் நிலைக்கு அது காரணமன்று.

மூன்றாவது, முதிர்ந்த தாய்க்கே இத்தகைய மகவு பிறக்கும் என்பது. தாயின் அகவை 35 ஆகுங்கால் ஏறத்தாழ 350 பிறப்புக்கு ஒன்றாகவும், 40 ஆகுங்கால் 100க்கு ஒன்றாகவும் வாய்ப்பு மிகுகின்றது. எனினும் இளந்தாயரே மிகுதியாக மகப்பெறுதலின், டவுன் நிலைக் குழந்தைகளிற் பலரும் அவர்க்கே பிறக்கின்றனர். எம் சின்னம்மாவுக்கு அப்பொழுது அகவை 24.

நான்காவது, இவர்கள் நெடுநாள் வாழார் என்பது. மேலைநாடுகளில் 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 25 ஆண்டாக இருந்த இவர்தம் சராசரி வாழ்நாள் இன்று 60 ஆண்டளவாக உயர்ந்துள்ளது. இதயக் குறையை இளமையிலேயே அறுவை செய்து நீக்குதல் இவ்வுயர்வுக்குத் தலையாய காரணம்.

ஐந்தாவது, இவர்கள் எந்நேரமும் சிரித்திருக்கும் தெய்வக் குழந்தைகள் என்பது. புகழ்ச்சியேயாயினும் இதுவும் பிழையே. சினமும் நாணமும் பிணக்கும் இவர்க்கும் உண்டு. தெய்வமென்று விட்டுவிடின் கண்டித்துத் திருத்துவார் யார்?

நம் இலக்கியமும் இப்பழிக்கு முற்றும் புறம்பானதன்று. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் குறையுற்ற பிறவிகள் எட்டினை எண்ணி, அவற்றாற் பயனில்லை என்னும் கருத்தைச் சோழன் நலங்கிள்ளிக்கு உரைக்கின்றார். அறிவு மயங்கினோரும் அவ்வெட்டனுள் அடங்குவர். தமிழ் பயிலும் யான் அப்பாட்டின் சொற்றிறத்தைப் போற்றுவேன்; அக்கருத்தினை ஏலேன்.

வளர்க்கும் முறை

இது மருந்தால் தீரும் நோயன்று. ஆதலின் தீர்ப்பதாகக் கூறும் எண்ணெய்க்கும் பொடிக்கும் பொருளை இறைத்தல் வீண். செய்யவேண்டுவன வேறு. இவர்களுட் பாதிப்பேர்க்கு இதயக் குறை இருத்தலால், பிறந்தவுடனே இதயத்தை ஆராய்வித்தல் வேண்டும். செவி, கண், தைராய்டுச் சுரப்பி ஆகியவற்றையும் காலந்தோறும் ஆராய்தல் வேண்டும். தசை தளர்ந்திருத்தலின் பால் உறிஞ்சல் கடினம். தலையை உயர்த்திப் பிடித்துச் சிறுகச்சிறுகப் பலமுறை ஊட்டுக. முதல் மாதங்களிலேயே இயன்முறைப் பயிற்சியும், பின்னர்ப் பேச்சுப் பயிற்சியும் தொடங்குக. நடத்தல் இரண்டாம் ஆண்டளவிலோ அதற்குப் பின்னரோ வரும். வரவில்லையென்று சோர்தல் கூடாது.

இவர்கள் கேட்டறிதலினும் கண்டறிதலில் வல்லர். ஆதலின் சொல்லோடு படமும் சைகையும் சேர்த்துக் கற்பிக்க. ஒரு செயலைப் பல சிறு படிகளாகப் பகுத்து, ஒன்று கைவந்த பின்னரே அடுத்ததைப் பயிற்றுக. சொம்பில் நீர் மொள்ளலும், தளும்பாது நடத்தலும், தம்ளரில் ஊற்றலும், இரு கையால் நீட்டலும் ஆகிய நான்கினையும் சின்னம்மா நான்கு திங்கள் பயிற்றினார். அம்மிச்சியோ, “உடைச்சாலும் பரவால்ல, அவனே ஊத்தட்டும்” என்று அருகில் அமர்ந்திருப்பார்.

சென்ற ஆண்டு கல்லூரித் தோழர் இருவர் எம்மைக் காண வந்தபொழுது, யான் அவனை உள்ளறையில் இருத்திக் கதவைச் சாத்தினேன். நாணமே காரணம், அதனை மறைப்பதாற் பயனென்ன? அவன் கதவைத் திறந்து, சொம்போடு வந்து, இருவர்க்கும் நீர் வழங்கினான். வந்தாரை நீர் கொடுத்து வரவேற்கும் கொங்குநாட்டு முறைமையை அன்று அவ்வில்லத்தில் காத்தவன் அவனே.

துணையாவன

1930இல் தி. சு. அவிநாசிலிங்கம் அவர்கள் நிறுவி, எம்மூரில் நிலைபெற்ற ஸ்ரீராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தின் வளாகத்தில், பேலூர் விவேகானந்தர் பல்கலைக்கழகத்தின் சிறப்புக் கல்விப் புலம் அமைந்துள்ளது. அங்கே இத்தகைய குழந்தைகளைப் பயிற்றும் ஆசிரியர்கள் உருவாகின்றனர். சென்னையில், தம் மகள் இந்நிலையோடு பிறந்தமையால் சுரேகா ராமச்சந்திரன் அம்மையார் தொடங்கிய இயக்கம், பின்னர் இந்திய டவுன் நிலைக் கூட்டமைப்பாக வளர்ந்தது. 2015இல் உலக டவுன் நிலைப் பேரவை அந்நகரிலேயே கூடிற்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுடைய குழந்தைகட்கு 6 முதல் 18 அகவை வரை கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியுள்ளது.

சட்டம் பள்ளியின் கதவைத் திறக்கும். இல்லத்தின் கதவை நாமே திறத்தல் வேண்டும். திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் ஆலயத்திற்கும் இக்குழந்தைகளை உடனழைத்துச் செல்வோமாக. எம் தோழர்கள் மீண்டும் வருவார்களாயின், அவனைக் கைப்பற்றி வாயிலுக்கு அழைத்துச் சென்று, “இவன் என் தம்பி” என்று கூறுவேன். அதற்கு வேண்டிய துணிவை இறைவன் அருள்வானாக.