கேஸ் தீர்ந்துபோவதில்லை

பழைய ஃபிரிஜ் குளிர்விப்பதை நிறுத்தியதும் வீட்டில் முதலில் எழும் பேச்சு, ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்பதுதான். வந்து பார்க்கும் மெக்கானிக்கும் பெரும்பாலும் அதை மறுப்பதில்லை. சார்ஜிங் குழாயை வெட்டி, கேஸ் அடித்து, பணம் வாங்கிக்கொண்டு போகிறார். சில மாதம் ஓடுகிறது. அடுத்த கோடையில் மறுபடி அதே கதை. கடைசியில் ‘இனி தேறாது’ என்று பழைய இரும்புக்கடைக்குப் போகிறது. முனை மழுங்கிய கதவும் கனத்த தகட்டு உடம்புமாக வந்த அந்தக் காலத்து ஃபிரிஜ்கள் பல இந்த வழியாகத்தான் அழிந்தன. பழுதால் போனதைவிடத் தவறான ரிப்பேரால் போனதே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

நம்பிக்கை: ஓட ஓட கேஸ் குறையும். சில வருஷத்துக்கு ஒருமுறை அடித்துக்கொள்ள வேண்டும்.

குறையாது. கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. பின்பக்கக் கண்டென்சரில் அந்தச் சூட்டை வெளியே விட்டு அது திரவமாகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையுள்ள கேபிலரி குழாய் வழியே ஃப்ரீசர் தகட்டுக்குள் நுழைந்து, அங்கே ஆவியாகி, உள்ளே இருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு கம்ப்ரசருக்கே திரும்புகிறது. இந்தச் சுற்றில் கேஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை.

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1927-ல் ‘மானிட்டர் டாப்’ என்ற ஃபிரிஜை விற்கத் தொடங்கியது. உச்சியில் உருண்டையாகக் கம்ப்ரசர் உட்கார்ந்திருக்கும். மோட்டாரையும் கம்ப்ரசரையும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்துக் காற்றுப் புகாமல் மூடியதுதான் அதன் சிறப்பு. ஆலையில் அடைத்த அதே கேஸோடு, ஒருமுறைகூடத் திறக்கப்படாத மானிட்டர் டாப்கள் இன்றும் சேகரிப்பாளர்களின் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஐஸ் பிடித்த ஃப்ரீசரைக் கத்தியால் நெம்பியபோது அலுமினியத் தகட்டில் விழுந்த குத்து, செம்பும் அலுமினியமும் சேரும் இணைப்பு, தண்ணீர் சொட்டித் துருப்பிடித்த அடிக்குழாய் ஆகியவை வழக்கமான இடங்கள். அந்த ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பது வாளியின் ஓட்டையை விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதுதான்.

நம்பிக்கை: கூலிங் இல்லையென்றால் கேஸ் கோளாறுதான்.

குழாயை வெட்டும் முன் கையால் தொட்டே பல விஷயம் அறியலாம். கம்ப்ரசர் ஓடுகிறது, கண்டென்சர் நன்றாகச் சுடுகிறது, ஃப்ரீசர் முழுக்க உறைபனி படிகிறது என்றால் கேஸ் சுற்று நலமாக இருக்கிறது. கதவு பீடிங்கையும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும் இடம்தான் சூடான காற்று நுழையும் இடம். கண்டென்சர் குளிர்ந்தே கிடந்தால் லீக்காகவோ கம்ப்ரசர் வால்வு தேய்ந்ததாகவோ இருக்கலாம். ஃப்ரீசரின் ஒரு பகுதியில் மட்டும் பனி படிந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. சில மணி நேரம் குளிர்ந்து, பிறகு நின்று, அணைத்து வைத்தபின் மறுபடி குளிர்ந்தால் குழாய்க்குள் ஈரம் புகுந்து கேபிலரி வாயில் உறைகிறது என்று பொருள். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘சோக்’ என்கிறார்கள்.

பழைய இயந்திரங்களில் யாரும் கவனிக்காத இன்னொன்று உண்டு. அவற்றின் சுவருக்குள் இருப்பது கண்ணாடிப் பஞ்சு. பல வருஷம் ஈரம் இறங்கி அது ஊறிப்போனால் குளிரைக் காக்கும் சக்தி போய்விடும். கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், வெளித்தகடு வியர்க்கும். எத்தனை முறை கேஸ் மாற்றினாலும் பயன் இல்லை. உள் பலகையைக் கழற்றிப் பஞ்சைக் காயவைக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

நம்பிக்கை: ‘டிக்’ சத்தத்தோடு நின்றுவிடுகிறது, கம்ப்ரசர் போச்சு.

முதலில் மோட்டாரைக் கிளப்பிவிடும் ரிலேயையும் அதைக் காக்கும் ஓவர்லோடையும் சந்தேகியுங்கள். இரண்டும் மலிவான பாகங்கள். வோல்டேஜ் குறைந்தாலும் இதே சத்தம் வரும். அணைத்த உடனே மறுபடி போட்டாலும் வரும், ஏனென்றால் இருபக்க அழுத்தமும் சமமாகச் சில நிமிடங்கள் ஆகும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு கம்ப்ரசரின் மூன்று முனைகளையும் இரண்டிரண்டாக மீட்டர் வைத்து மின்தடையை அளக்கலாம். சிறிய இரண்டு அளவுகளின் கூட்டல் பெரிய அளவுக்குச் சமமாக இருந்து, எந்த முனைக்கும் உடம்புத் தகட்டுக்கும் தொடர்பு இல்லையென்றால் மோட்டார் சுருள் நன்றாக இருக்கிறது. இந்தச் சோதனை செய்யாமல் பழைய கம்ப்ரசரைக் கழற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள்.

நம்பிக்கை: ஆர்-12 கிடைக்காது. 134 அடித்தால் போதும், எல்லாம் ஒன்றுதான்.

ஒன்றல்ல. 1930-களுக்கு முன்பு ஃபிரிஜ்களில் இருந்தவை சல்ஃபர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு, அம்மோனியா போன்ற நச்சு வாயுக்கள். மானிட்டர் டாப்பில் தொடக்கத்தில் இருந்ததும் சல்ஃபர் டை ஆக்ஸைடே. அவற்றுக்குப் பதிலாக வந்த ஆர்-12 ஆபத்தற்றது என்று காட்ட, வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லி 1930-ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் அதை மூச்சில் இழுத்து, மெழுகுவர்த்தி மீது ஊதி அணைத்தார். இந்தவகை வாயு ஓசோன் படலத்தைத் தின்னும் என்று விஞ்ஞானிகள் மொலினாவும் ரோலண்டும் 1974-ல் எச்சரித்தார்கள். அவற்றைக் கட்டுப்படுத்த 1987-ல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. நம் மேட்டூரிலும் இந்தவகை வாயுக்கள் தயாராகிக்கொண்டிருந்தன. ஃபிரிஜுக்கான இந்த உற்பத்தி இந்தியாவில் 2008-ல் நின்றது.

ஆர்-12-ன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ, பழைய கம்ப்ரசரில் இருக்கும் மினரல் ஆயிலோடு கலக்காது. ஆயில் ஃப்ரீசர் குழாயிலேயே தங்கிவிட, கம்ப்ரசர் வறண்டு தேயும். முறையாக மாற்ற வேண்டுமானால் பழைய ஆயிலை வடித்து எஸ்டர் ஆயில் ஊற்றி, ஃபில்டரை மாற்றி, கேபிலரியையும் சரிபார்க்க வேண்டும். எஸ்டர் ஆயில் காற்றின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும், அதனால் அவசர வேலைக்கு இடமே இல்லை.

இன்றைய ஃபிரிஜ்களில் இருக்கும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன் மட்டும் அடித்தால், ஆர்-12-க்கு அளவெடுத்த கம்ப்ரசரில் கூலிங் பாதிக்குப் பாதி குறையும். புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் கலந்த கேஸ் பழைய ஆயிலோடு ஒத்துப்போகும், அழுத்தமும் ஆர்-12-க்கு நெருக்கம், எடையில் அதில் பாதிகூட வேண்டாம். ஆனால் அது தீப்பிடிக்கும். பழைய தெர்மோஸ்டாட்டும் விளக்கு ஸ்விட்சும் பெட்டிக்குள்ளேயே பொறி விடுபவை. அவற்றை மாற்றத் தெரிந்தவர் தவிர வேறு யாரும் இதைச் செய்யக் கூடாது. சமையல் சிலிண்டரிலிருந்து அடிப்பது எந்த நிலையிலும் கூடாது.

லீக் இல்லாத ஆர்-12 ஃபிரிஜை மாற்றச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் கேட்காதீர்கள். மூடிய குழாய்க்குள் இருக்கும்வரை அது ஓசோனைத் தொடுவதில்லை. குழாயை வெட்டி அறைக்குள் விடும்போதுதான் கேடு. மிச்சம் இருக்கும் கேஸோடு குழாயைப் பற்றவைத்து பிரேசிங் செய்தால் தீச்சுடரில் நச்சுவாயுவாகவும் மாறும்.

நம்பிக்கை: கொஞ்சம் கேஸ் விட்டுக் காற்றை வெளியே தள்ளினால் போதும், வேக்யூம் பம்ப் எதற்கு?

காற்று ஓரளவு போகும், ஈரம் போகாது. தங்கிய ஈரம் கேபிலரியில் உறையும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி மோட்டார் சுருளின் பூச்சை அரிக்கும். பம்ப் போட்டு ஆழமாக வேக்யூம் எடுத்து, அது நிற்கிறதா என்று பார்த்து, புது ஃபில்டர் வைத்து, கேஸை எடைபோட்டு அடைப்பதுதான் வேலை. சிறிய ஒற்றைக் கதவு ஃபிரிஜுக்கு ஆர்-12 தேவைப்பட்டதே 100 முதல் 200 கிராம்வரைதான். அளவு மிஞ்சினால் திரவம் கம்ப்ரசருக்குத் திரும்பி வால்வை உடைக்கக்கூடும்.

மெக்கானிக் வந்ததும் கேளுங்கள்: லீக் எங்கே? வேக்யூம் பம்பும் தராசும் கொண்டு வந்திருக்கிறீர்களா? இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால், குழாயை வெட்ட விடாமல் வேறு ஆளைத் தேடுங்கள்.