பழம்பொருளில் தங்கிய நஞ்சு

பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் பலர் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே மிருகக்காட்சிசாலை வளாகத்தில் நேப்பியர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் கட்டடம் 1880-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதே வளாகத்தில் பாடம் செய்த விலங்குகளையும் பறவைகளையும் பார்க்கலாம்.

செத்த விலங்கின் தோலைப் பூச்சி அரிக்கும். அதைத் தடுக்க, அந்தக் காலத்தில் உலகெங்கும் தோலின் உட்புறத்தில் வெள்ளைப் பாஷாணம் கலந்த சோப்பைத் தடவினார்கள். உலர்ந்த செடிகளுக்குப் பாதரச உப்பைப் பூசினார்கள். பின்னாளில் டி.டி.டி. தூளும் தூவினார்கள். பூச்சி செத்தது. பொருள் பிழைத்தது. நஞ்சு அங்கேயே தங்கிவிட்டது.

நூறு ஆண்டு ஆனாலும் பாஷாணம் மட்கிப் போகாது. தோல் வெடித்தால் தூளாக வெளியே வரும். சாதாரணத் தூசி போலத்தான் தெரியும்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு. பெட்டியைத் திறந்து தூசி தட்டுபவருக்கே ஆபத்து அதிகம். பாஷாணம் நெடுநாள் உடலில் சேர்ந்தால் உள்ளங்கை தடிக்கும். தோலில் புள்ளிகள் விழும். புற்றுநோயும் வரலாம். பாதரசத்தால் கை நடுங்கும், சிறுநீரகம் கெடும்.

அமெரிக்காவில் 1990-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி அருங்காட்சியகங்கள் பழங்குடி மக்களின் புனிதப் பொருள்களைத் திருப்பிக் கொடுத்தன. அவற்றில் சிலவற்றிலும் பாஷாணம் இருந்தது தெரியவந்தது.

வேலை செய்பவர் கவனிக்க வேண்டியவை:

1. பழைய பாடம் செய்த பொருள் எதுவானாலும், நஞ்சு இருப்பதாகவே எண்ணுங்கள்.
2. துடைப்பத்தால் தட்டாதீர்கள். தூசி பறக்கும்.
3. கையுறை அணியுங்கள். நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் போடுங்கள். முகத்தில் துண்டு கட்டினால் போதாது.
4. அங்கே உண்ணாதீர்கள். வெற்றிலை போடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
5. வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். குழந்தைகளுக்கும் நஞ்சு சேரும்.

நிர்வாகத்துக்கும் கடமை உண்டு. பொருளை வெட்டாமலே நஞ்சைக் கண்டுபிடிக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி இருக்கிறது. சோதித்துப் பார்த்து, எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும். கையுறையும் முகக்கவசமும் வாங்கித் தர வேண்டும். தற்காலிகத் தொழிலாளிக்கும் இவை வேண்டும்.

"ஐயா, இதில் என்ன மருந்து போட்டிருக்கிறது?" என்று கேட்கத் தயங்காதீர்கள். அதை அறிவது உங்கள் உரிமை. சீட்டில் எழுதியிருந்தால் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். படித்த பிறகே பொருளைத் தொடுங்கள்.

விடை சொல்லுங்கள்:

1. தோலில் பாஷாணம் தடவியது ஏன்?
2. துடைப்பத்தால் ஏன் தட்டக்கூடாது?
3. உங்கள் வேலையிடத்தில் எந்தப் பொருளைப் பற்றிக் கேட்க வேண்டும்? ஒரு வரி எழுதுங்கள்.